நூறடி தூரத்துக் கொக்கும் ஒரு ஜூம் லென்ஸும்

சென்ற ஐப்பசியில், சம்பா நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்திருந்த நேரத்தில், அக்கா மகன் மன்னார்குடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கேமராவோடு வந்து சேர்ந்தான். நண்பனிடமிருந்து வாங்கிய கேனான் 1300டி. அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். அன்று மாலையே பாமணியாற்றங்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் நின்ற சின்னக் கொக்கு ஒன்றை அவன் பத்துப் பதினைந்து முறை எடுத்தான். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தபோது நாணலும் நீரும் நன்றாகவே பதிந்திருந்தன. கொக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டாக இருந்தது.

“மாமா, 300 வாங்கலாமா, 250 போதுமா?” என்று கேட்டான். கையில் பன்னிரண்டாயிரம் ரூபாய் இருந்தது. விடுமுறையில் கணினி மையம் ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணம்.

கேமரா வாங்கிய ஒவ்வொருவரும் சில வாரங்களில் இந்தக் கேள்விக்கு வந்துவிடுகிறார்கள். கேள்வி எப்போதும் எண்ணைப் பற்றியதாகவே, அதாவது தூரத்துப் பொருளை லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்று சொல்லும் மி.மீ. அளவைப் பற்றியதாகவே இருக்கிறது. பெரிய எண் நல்ல லென்ஸ் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒன்பது ஆண்டுகளில் மூன்று ஜூம் லென்ஸ்களை வாங்கி இரண்டை விற்ற பிறகு எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: குறைந்த பணத்தில் முதல் ஜூம் லென்ஸ் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது தன் கேமராவுக்கு அது முழுமையாகப் பொருந்துகிறதா என்பதை, அடுத்து, கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி அதில் இருக்கிறதா என்பதை, எத்தனை மி.மீ. என்பது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. அந்த மூன்றாவது கேள்விக்கும் கடைக்காரரைவிட நாம் நிற்கப்போகும் ஆற்றங்கரையே சரியான விடை சொல்லும்.

அதற்கு ஒரு சிறிய கணக்குப் போதும். கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது 55, 250 என்று சொல்லும் அந்த மி.மீ. எண்ணால், வகுத்தால், அந்தத் தூரத்தில் படச் சட்டத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது கிடைத்துவிடும். 1300டி-யின் சென்சார் 22.3 மி.மீ. அகலம் கொண்டது. எதிர்க்கரைக் கொக்கு ஏறக்குறைய நூறடி, அதாவது 30 மீட்டர் தூரத்தில் நின்றது. கிட் லென்ஸின் 55 மி.மீ. முனையில் படச் சட்டம் அந்தத் தூரத்தில் 12 மீட்டர் அகலத்தை விழுங்குகிறது. இரண்டடி உயரக் கொக்கு அதில் பொட்டாகத் தெரிவதில் வியப்பில்லை. 250 மி.மீ. போட்டால் அந்த அகலம் 2.7 மீட்டராகச் சுருங்கும், உயரம் 1.8 மீட்டராகும். கொக்கு படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு நிற்கும். அலகின் கறுப்பும் காலின் மஞ்சள் பாதமும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும் அளவு அது.

300 மி.மீ. என்றால்? அகலம் 2.2 மீட்டர். அதே கேமராவில் 250-க்கும் 300-க்கும் உள்ள வேறுபாட்டைக் கால்களால் சொல்வதென்றால், 30 மீட்டரில் நிற்பவர் 25 மீட்டருக்கு நடந்து வந்தால் 250-இலேயே 300-இன் படம் கிடைத்துவிடும். நம் பகுதியில் அந்த ஐந்து மீட்டரை எப்போதும் நடந்துவிட முடியாது என்பதும் உண்மை. நடுவில் வாய்க்கால் ஓடும், முழங்கால் சேறு இருக்கும், அல்லது யாரோ நேற்றுத்தான் நட்டுவிட்டுப் போன நாற்று நிற்கும். ஆனாலும் அந்த 50 மி.மீ.க்காக நடுக்கத் தடுப்பு வசதியை விட்டுக்கொடுப்பது தவறு. அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு லென்ஸின் நெருக்கத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிடவும் வழி இருக்கிறது. கிட் லென்ஸை 55-இல் வைத்து எடுத்த படத்தைக் கணினியில் திறந்து, அகலத்தில் நான்கரையில் ஒரு பங்கு மட்டும் இருக்கும்படி வெட்டிப் பார்க்க வேண்டும். 250 மி.மீ. லென்ஸ் அந்த இடத்திலிருந்து காட்டக்கூடிய சட்டம் அதுதான். தெளிவு இருக்காது, ஆனால் பொருள் எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். அக்கா மகனை அவன் அதுவரை எடுத்திருந்த படங்கள் எல்லாவற்றையும் இப்படி வெட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் சுதைகள், வரப்பில் நின்ற மடையான், மின்கம்பியில் உட்கார்ந்திருந்த பனங்காடை, களத்தில் நெல் தூற்றுபவர்கள் எல்லாம் 250-க்குள் அடங்கிவிட்டன. மிச்சமிருந்த படங்கள் அனைத்தும் வடுவூர் ஏரியில் எடுத்தவை.

வடுவூரைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அந்த ஏரியில், மழைக்குப் பின் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் கூட்டம் கூட்டமாக இருக்கும். ஆனால் அவை அடையும் மரங்கள் கரையிலிருந்து நெடுந்தூரம். நூறு மீட்டரில் 300 மி.மீ. லென்ஸும் ஏழு மீட்டருக்கு மேல் அகலத்தைக் காட்டும். மூன்றடி உயர நாரைகூட அதில் சிறியதுதான். அங்கே தனிப் பறவையின் முகத்தை எடுக்க விரும்புபவருக்கு 150-600 போன்ற லென்ஸ் வேண்டும். அவை ஏறக்குறைய இரண்டு கிலோ எடை உள்ளவை, விலையும் பன்னிரண்டாயிரத்துக்கு எட்டாதது. கோடியக்கரையின் பூநாரைகளுக்கும் இதே கதைதான். ஆகவே முதல் ஜூம் லென்ஸை வடுவூரையும் கோடியக்கரையையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்த இடங்களில் 250-ஐ வைத்துக்கொண்டு கூட்டத்தை, கூட்டம் எழும்பும் நேரத்தின் வானத்தை, நீரில் விழும் மரநிழலை எடுக்கலாம். எனக்கு அந்தப் படங்களே பிடிக்கும்.

இனி நடுக்கம். லென்ஸ் நீளநீளக் கையின் சிறு அசைவும் படத்தில் பெருகும். பழைய வழக்கொன்று உண்டு: ஒரு நொடியைக் குவியத் தூரத்தின் எண்ணால் வகுத்தால் வரும் நேரத்துக்குள் திறந்து மூடும் ஷட்டர் வேகம் வேண்டும். சிறிய சென்சார் உள்ள கேனான் கேமராக்களில் அந்த எண்ணை முதலில் 1.6-ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் 250 மி.மீ.க்கு 1/400 நொடி. வெயில் நாளில் அது எளிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இங்கே வெயில் எங்கே இருக்கிறது? பெரிய கோயில் பிராகாரத்தில் மாலை ஐந்தரை மணிக்கு நின்றுகொண்டு, 216 அடி விமானத்தின் மேல் தளத்துச் சுதை ஒன்றைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து பார்த்தால், ஷட்டர் 1/60-ஐத் தாண்டாது. அனுமதி பெறாமல் அங்கே முக்காலி வைக்கவும் முடியாது. அந்த இடத்தில் கைகொடுப்பது லென்ஸுக்குள் இருக்கும் நடுக்கத் தடுப்பு ஒன்றுதான். கேனான் அதை ஐஎஸ் என்றும், நிக்கான் விஆர் என்றும், சோனி ஓஎஸ்எஸ் என்றும், டாம்ரான் விசி என்றும் லென்ஸின் மேல் எழுதி வைக்கின்றன. ஓடும் மாட்டையோ பறக்கும் கொக்கையோ அது உறையவைக்காது. அதற்கு வேகமான ஷட்டரே வேண்டும். ஆனால் அசையாத சிற்பத்தையும் அமர்ந்திருக்கும் பறவையையும் கையால் பிடித்து எடுக்க அது தரும் உதவி, கூடுதல் 50 மி.மீ. தருவதைவிடப் பெரிது.

குறைந்த விலைக் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டப்படும் லென்ஸ்களில் இந்த எழுத்துகள் பெரும்பாலும் இருப்பதில்லை. கேனானின் ஈஎஃப் 75-300 மூன்றாம் பதிப்பில் நடுக்கத் தடுப்பு கிடையாது. ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் பொருளுக்கு அது ஃபோகஸ் ஆகாது. 300 முனையில், வெளிச்சம் முரண்படும் ஓரங்களில் ஊதாக் கோடு விழும். அதே பணத்துக்குச் செகண்ட் ஹேண்டில் ஈஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் கிடைக்கும்போது 75-300-ஐ வாங்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 2013-இல் வந்த இந்த 55-250 வெறும் 375 கிராம் எடை, 85 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். அந்தக் கடைசிச் செய்தியை விளம்பரங்கள் அதிகம் சொல்வதில்லை. 250-இல் வைத்து அந்த நெருக்கத்தில் எடுத்தால் சட்டத்துக்குள் ஏழரை செ.மீ. அகலம்தான் அடங்கும். நெல் தாளின் நுனியில் உட்கார்ந்திருக்கும் தட்டான் பாதிச் சட்டத்துக்கு மேல் நிரப்பும், அதன் இறக்கை நரம்புகளை எண்ணலாம். தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்க முடியாதவருக்கு இது பெரிய வரவு.

லென்ஸ் எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்று சொல்லும் எஃப் எண்ணைப் பற்றி ஒரு சொல். எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். இந்த விலையில் கிடைக்கும் நீள ஜூம் எல்லாம் நீண்ட முனையில் எஃப் 5.6 அல்லது 6.3-ஆகத்தான் இருக்கும். எஃப் 2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் 5.6 உள்ளே விடும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. ஆனித் தெப்பத்தின்போது மன்னார்குடியின் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் இதை வைத்து இரவில் எடுக்க முயன்றால் கேமராவின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணில் 6400-க்குப் போக வேண்டியிருக்கும். படம் மணல் தூவியதுபோல் வரும், தெப்பமும் நகர்ந்துகொண்டிருக்கும். இரவு விழாக்கள்தான் ஒருவருடைய முதல் விருப்பம் என்றால், அவர் ஜூம் லென்ஸைத் தள்ளிவைத்து 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை வாங்குவதே மேல். எஃப் 5.6-ஐப் போல ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும், விலையும் குறைவு.

பொருத்தத்தை முதல் கேள்வியாக வைத்ததற்கு என் சொந்த இழப்பே காரணம். முதல் கேமரா வாங்கிய ஆண்டில், கடை ஒன்றில் பழைய 70-300 லென்ஸைப் பார்த்தேன். மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய், பொருந்துகிறதா என்று மட்டும் கேட்டேன். மாட்டிக் காட்டினார்கள், அழகாகப் பொருந்தியது. நாலாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கிக்கொண்டு பேருந்தில் வரும்போது ஷட்டரை அரை அழுத்தம் அழுத்திப் பார்த்தேன். ஃபோகஸ் நகரவே இல்லை. அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. என் கேமரா பாடியிலும் கிடையாது. திருப்பிக்கொடுக்கப் போனால், பொருளில் குறை இல்லையே என்றார்கள். அதுவும் சரிதான். கையால் வளையத்தைத் திருப்பித் திருப்பி ஓராண்டு எடுத்தேன்; கோயில் சிற்பங்கள் வந்தன, பறவை ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. அந்த ஆண்டு வலசை முழுவதும் எனக்கு அப்படிப் போயிற்று, இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

நிக்கான் கேமரா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸின் பெயரில் ஏஎஃப் என்று மட்டும் இருந்தால் தானியங்கி ஃபோகஸ் நடக்காது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று இருக்க வேண்டும். ஏஎஃப்-பி லென்ஸ்களிலும் ஒரு சிக்கல் உண்டு: அந்த வரிசையின் முதல் கேமராவான டி3000, டி90 போன்ற பழைய பாடிகளில் அவை ஃபோகஸே ஆகா. புதிய பாடி என்றால் ஏஎஃப்-பி 70-300 நல்ல தேர்வு, ஆனால் அதில் விஆர் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை ஒரே தோற்றத்தில் விற்கப்படுகின்றன. பெயரில் விஆர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். பழைய பாடி என்றால் 300 கிராம் எடையுள்ள ஏஎஃப்-எஸ் 55-200 விஆர் இரண்டாம் பதிப்பு போதும். கேனானில் இந்தத் தொல்லை இல்லை. 1987-இல் ஈஎஃப் மவுண்ட் வந்த நாளிலிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத, மிரர்லெஸ் எனப்படும் புதிய கேனான் கேமராக்களுக்கு மவுண்ட் வேறு. பழைய லென்ஸை அவற்றில் மாட்ட இணைப்பான் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவற்றுக்கென்றே வரும் ஆர்எஃப்-எஸ் 55-210 நீண்ட முனையில் எஃப் 7.1, வெளிச்சம் இன்னும் குறைவு.

லென்ஸை மாற்றிக்கொண்டிருக்கவே பிடிக்காது என்பவர்களுக்கு 18-135, 18-140 போன்றவை இருக்கின்றன. அறுவடைக் களத்தில் பதர் பறக்கும்போது லென்ஸைக் கழற்றாமல் இருப்பது நல்லதுதான். கிட் லென்ஸ் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு அது இரட்டைச் செலவு.

அக்கா மகனுக்கு 55-250 எஸ்டிஎம் என்று முடிவாயிற்று. புதியது அவன் கைக்கு எட்டவில்லை. தஞ்சாவூரில் பழைய கேமராக்கள் விற்கும் ஒருவரிடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் போனோம். நான் கையோடு கொண்டுபோனவை கைப்பேசியும் அன்றைய நாளிதழும் மட்டும்.

டெல்டாவில் பழைய லென்ஸ் வாங்குபவர் கீறலைவிடப் பூஞ்சைக்கு அஞ்ச வேண்டும். காற்றில் ஈரம் ஆண்டு முழுதும் இருக்கிறது. அலமாரியில் தோல் பைக்குள் இரண்டு மழைக்காலம் கிடந்த லென்ஸின் உள்கண்ணாடியில் பூஞ்சை படராமல் இருந்தால் அது நல்ல காலம். லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து கைப்பேசி டார்ச்சை அடித்து, முன்பக்கத்தில் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். தூசு தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். அது இருந்தால் பாதகமில்லை. பூஞ்சை சிலந்தி இழைபோல, வேர் பிரிவதுபோல ஓரத்திலிருந்து கிளைத்துத் தெரியும். அவர் முதலில் எடுத்துக் கொடுத்த லென்ஸின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு, அப்படி ஒரு படலம் இருந்தது. அதைக் காட்டியதும் அவரே “அது வேணாம் சார், வேற இருக்கு” என்று உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். அது சுத்தமாக இருந்தது. நாளிதழைச் சுவரில் ஒட்டி, 250-இல் வைத்து, எஃப் 5.6-இலும் 8-இலும் ஒவ்வொரு படம் எடுத்தோம். நான்கு மூலைகளிலும் எழுத்தை ஒரே அளவு தெளிவாகப் படிக்க முடிந்தால் உள்கண்ணாடி இடம் மாறவில்லை என்று கொள்ளலாம். ஐஎஸ் சுவிட்சைப் போட்டு அணைத்து, 1/50-இல் பத்துப் பத்துப் படங்கள் எடுத்து ஒப்பிட்டோம். போட்டபோது எட்டுப் படம் தெளிவு, அணைத்தபோது ஒன்று. அக்கா மகன் கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. 300-ஐப் பற்றி அதன்பின் பேச்சும் எழவில்லை. ஒன்பதாயிரத்துக்கு முடிந்தது.

மிச்சப் பணத்தில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரமானி ஒன்றும் வாங்க வைத்தேன். ஈரமானி 40-க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையில் காட்டினால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடியும் போடலாம். அரிசி டப்பாவுக்குள் லென்ஸை வைக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. தவிடும் தூளும் ஜூம் வளையத்துக்குள் போய்விடும், தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் நேராக வயலுக்குக் கொண்டுபோனாலும் கண்ணாடி மேல் பனி பூக்கும். பைக்குள்ளேயே கால்மணி நேரம் வைத்திருந்து எடுத்தால் சரியாகிவிடும்.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்ட ஒரு காலையில், வாய்க்கால் மதகுக்குப் போனோம். மதகின் திருகுக் கம்பிமேல் வெண்மார்பு மீன்கொத்தி ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்களுக்கும் அதற்கும் பதினைந்து மீட்டர் இருக்கும். வானம் மூட்டமாக இருந்ததால் ஐஎஸ்ஓ 1600, எஃப் 5.6, 1/500 என்று வைக்கச் சொன்னேன். முதல் படத்தில் கம்பியின் துரு தெளிவு, பறவை மங்கல். நடு ஃபோகஸ் புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணைக் குறிபார்க்கச் சொன்னேன். நான்காவது படத்தில் சிவந்த அலகும், அதன் நுனியில் தொங்கிய நீர்த்துளியும், தோள் நீலத்துக்கும் மார்பு வெள்ளைக்கும் நடுவில் ஓடும் பழுப்பும் பதிந்திருந்தன.

அங்கிருந்து திரும்பும்போது தாளடி வயலில் பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவன் வரப்பிலேயே நின்று, 250-ஐ நீட்டி, அவர்கள் குனிந்திருந்த வரிசையை எடுக்கத் தொடங்கினான். தூரத்திலிருந்து, கேட்காமல், ஒருவர் முகத்தை இப்படி எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நீள லென்ஸ் அந்தப் பழக்கத்தை மிக எளிதாகக் கொடுத்துவிடுகிறது. நான் சொல்வதற்குள் அவர்களில் மூத்தவர் நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

“ஏன் தம்பி, அம்புட்டுத் தூரத்துலேருந்து எதுக்கு எடுக்கிற? கிட்ட வந்து எடேன்.”

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கினான். லென்ஸை 70-க்குச் சுருக்கிக்கொண்டான். பேசிச் சிரித்துக்கொண்டே அவர்கள் வேலையைத் தொடர, அரைமணி நேரம் அங்கேயே எடுத்தான். கிளம்பும்போது ஆளுக்கொரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். ஏழு பேர். பெயர்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டான். அடுத்த சந்தை நாளுக்குள் அச்சுப் போட்டுக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.